முப்பத்து நான்கு வரிகள்

என் ஜெராக்ஸ் கடையில் இருபத்திரண்டு வருஷமாக லேமினேஷன் செய்து கொடுக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், செத்துப்போன நாயின் போட்டோ என்று என்னென்னவோ வந்திருக்கிறது. பன்னிரண்டு வரி கம்ப்யூட்டர் ப்ரோக்ராமைக் கொண்டுவந்து, "அண்ணே, இதுக்கு நல்ல கனமான கவரா போடுங்க" என்று கேட்ட ஒரே ஆள் டிரைவர்தான்.

டிரைவர் என்று சொன்னாலும் அப்போது அவர் எதையும் ஓட்டவில்லை. பத்தொன்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். முதுகுத்தண்டில் தட்டு விலகி, இனிமேல் ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். என் கடைக்கு நேர் மேலே மாடியில் இரண்டு அறை வீடு. அவரும் சம்சாரமும் மட்டும்தான், பிள்ளை இல்லை. அந்தம்மாவுக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை, ஒப்பந்தத்தில். காலை ஆறிலிருந்து மதியம் ஒன்றரை வரை ஷிப்ட். வேலை போனாலும் தெரு அவரை டிரைவர் என்றே கூப்பிட்டது. பேரையும் சேர்த்துப் பிடுங்குவானேன் என்று விட்டுவிட்டோம்.

எட்டு மாதம் தரையில் பாய் போட்டுப் படுத்துக் கிடந்தார். பிறகு, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து பத்து நிமிஷம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நடந்தார். என் தலைக்கு மேலே சுவரிலிருந்து சுவர் வரை போய் வரும் அந்தக் காலடியைக் கேட்டே நான் மணி சொல்லிவிடுவேன்.

அந்த நேரத்தில்தான் இலவசக் கம்ப்யூட்டர் பயிற்சி என்று ஒரு நோட்டீஸ் அடிக்க என்னிடம் வந்தது. வயது வரம்பு இல்லை, ஆறு மாதம், ப்ரோக்ராம் எழுதக் கற்றுத் தருவோம், வேலைக்கும் வழி காட்டுவோம் என்று போட்டிருந்தது. முதல் பிரதியை மாடிக்குக் கொடுத்தனுப்பியது நான்தான். அதற்காகப் பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

"நாப்பத்தாறு வயசுல இது தேவையா? ஒரு மெசேஜ் அனுப்பவே என்னைக் கூப்புடுற ஆளு" என்றாள் அந்தம்மா, கடை வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டே.

"படுத்துக்கிட்டே கூரையை எண்ணறதுக்கு இது தேவலைல்ல" என்றார் அவர்.

"உக்காந்தா வலிக்கும்னு சொல்லி வண்டியை விட்டீங்க. அங்க மட்டும் நின்னுக்கிட்டா தட்டுவீங்க?"

"வண்டியில எந்திரிச்சு நடக்க முடியாது. நாப்பது பேர் பின்னாடி உக்காந்திருப்பான். கம்ப்யூட்டர் முன்னாடி எந்திரிச்சா யாரு கேக்கப் போறா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

ஸ்க்ரீனில் படித்தால் அவருக்கு ஏறாது. எல்லாவற்றையும் மெயிலில் எனக்கு அனுப்பி, பிரிண்ட் எடுத்து, பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பார். பழுதாகிப்போன தாள்களின் பின்பக்கத்தில் எடுத்துக் கொடுப்பேன். மழைக்காலத்தில் தாள் நமுத்துப்போய் மெஷினில் சிக்கும். சிக்கிய தாளைக் கிழியாமல் உருவுவதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். கடையில் கூட்டமில்லாத மூன்று மணிக்கு ஸ்டூலில் உட்காராமல் கதவில் சாய்ந்து நின்று எனக்கும் பாடம் நடத்துவார்.

"இந்த லூப்புங்கறது ஒண்ணுமில்லண்ணே. டிப்போல கிளம்பி, கடைசி ஸ்டாப் போய், திரும்ப டிப்போ. எத்தனை ட்ரிப்புன்னு எழுதி வச்சுட்டா அது பாட்டுக்கு அடிக்கும்."

"எழுதலைன்னா?"

"டீசல் தீர்ற வரைக்கும் அடிக்கும். முத வாரம் எனக்கு அப்படித்தான் ஆச்சு. ஸ்க்ரீன் முழுக்க வணக்கம் வணக்கம்னு ஓடுது. நிறுத்தத் தெரியல. என் வலது காலு டேபிளுக்கு அடியில பிரேக்கைத் தேடுது. பக்கத்துல இருந்த பொண்ணு ரெண்டு விரல்ல நிறுத்திட்டா. வகுப்பே சிரிச்சுது."

"நீங்க?"

"நானும்தான். பஸ்ஸா இருந்தா ஆள் செத்திருக்கும். இதுல என்ன, வணக்கம்தானேன்னு விட்டுட்டேன்."

ஆறு மாதம் முடிந்தது. வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். அவரைவிட நன்றாக எழுதியவர்கள் பலர். ஆனால் ஒரு இடத்தில் எட்டு மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அது போதுமென்று ஒரு கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது.

அந்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஊரில் பல இடங்களில் பல சாப்ட்வேர்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கூரியருக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. அவை நிற்காமல் ஓடுகின்றனவா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு அறையில் வரிசையாக ஸ்க்ரீன். ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் ஒரு கட்டம். பச்சை என்றால் சுகம், சிவப்பு என்றால் கோளாறு. சிவப்பு வந்தால் மணி அடிக்கும். அப்போது 'பார்த்தேன்' என்ற பொத்தானை இரண்டு நிமிஷத்துக்குள் அழுத்த வேண்டும். அழுத்தினால் பத்து நிமிஷத்துக்கு அந்த மணி வாயை மூடிக்கொள்ளும், கட்டமும் பச்சைக்குத் திரும்பிவிடும். அதற்குள் என்ன கோளாறு என்று பார்த்து உரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். கோளாறு தீராவிட்டால் பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடிக்கும். யார், எத்தனை மணிக்கு, எதை அழுத்தினார் என்பதெல்லாம் வரி வரியாகப் பதிவாகும். இரண்டு நிமிஷம் தாண்டி அழுத்தினால் மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார்.

டிரைவருக்குக் கொடுத்த கட்டங்களில் ஒன்று, அவர் சம்சாரம் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியினுடையது. லேபில் ரத்தம் சோதித்து முடிவை ஏற்றினால், அது வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக டாக்டர் போனுக்கும் வார்டு கம்ப்யூட்டருக்கும் போகும். அந்த வரிசை நகர்கிறதா என்று பார்ப்பது இவர் வேலை. "நான் ரத்தக் குழாயைக் கொண்டுபோய் லேபுல குடுக்கறேன். அது ரிப்போர்ட்டா திரும்பி வர்ற வழியில இவரு நிக்கறாரு" என்று அந்தம்மா என்னிடம் சொன்னாள். முகத்தில் அப்படியொரு நிறைவு.

கெடுத்தது அந்த மணிதான். 'ரிப்போர்ட் வரிசை தாமதம்' என்று ஒரு ஷிப்டில் நாற்பது தடவை அடிக்கும். அழுத்திவிட்டுப் பார்ப்பதற்குள் வரிசை தானாக நகர்ந்து சரியாகிவிடும். லேபில் ஒரே நேரத்தில் நிறைய ஏற்றினால் அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதைச் சரி செய்ய ஆள் இல்லை. அந்த அறையில் யாரும் அந்த மணிக்குத் தலையைக்கூடத் திருப்புவதில்லை. கை மட்டும் போகும்.

டிரைவருக்குத்தான் சிக்கல். நடந்தே ஆக வேண்டும். நடக்கப் போனால் மணி. பாதி வழியில் ஓடி வந்து குனிந்து அழுத்துவார், முதுகு சுளுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பன்னிரண்டு வரியை எழுதினார். அந்தத் தாமத மணி அடித்தால் முப்பது விநாடி பொறுத்து, 'பார்த்தேன்' என்று அதுவே அழுத்திவிடும். பிரிண்ட் எடுக்க வந்தவர் குதிக்காத குறை.

"பஸ்ல டேஷ்போர்டுல ஒரு லைட்டு இருக்கும்ணே. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் எரியும். ஒர்க்‌ஷாப்புல சொன்னா பார்க்கலாம்பான், பார்க்க மாட்டான். கருப்பு டேப்பை எடுத்து மேல ஒட்டிட்டு ஓட்டிக்கிட்டே இருப்போம். எல்லா டிரைவரும் செய்யறதுதான். அதையே இங்க எழுத்துல செஞ்சிருக்கேன்."

முதல் பிரதியில் ஓரத்தில் பென்சிலால் ஒன்று எழுதியிருந்தார். 'திரும்பத் திரும்ப வந்தா?' என்று.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"அது ஒரு யோசனை. விடாம மூணு தடவை வந்துச்சுன்னா என்னைக் கூப்புடுன்னு ஒரு வரி சேக்கணும். அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப லேமினேஷன் போடுங்க. நான் எழுதி, உருப்படியா ஓடுன முத ப்ரோக்ராமு."

பென்சில் எழுத்தோடு போட்டால் அசிங்கமாக இருக்கும் என்றேன். ரப்பரை எடுத்துக் கொடுத்தேன். அவர் அழித்து, தூளை ஊதிவிட்டு, தாளை என்னிடம் நீட்டினார். நான் கவரில் வைத்துச் சூட்டு மெஷினுக்குள் விட்டேன். அந்த ரப்பர் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது.

அறையில் இருந்த மற்ற நால்வரும் அந்த ப்ரோக்ராமைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தாராம், வலிக்காத பக்கத்தில்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. அன்று நடந்ததைப் பாதி அந்தம்மா சொல்லியும் பாதி அவர் சொல்லியும் தெரிந்துகொண்டேன்.

வார்டில் ஒரு பெயிண்டரின் மனைவி இருந்தாள். முப்பது வயது, சிறுநீரகக் கோளாறு. காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். அந்தம்மாதான் கொண்டுபோய் லேபில் கொடுத்தாள். ஒன்பது ஐந்துக்கு லேப் முடிவை ஏற்றியது. ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடனே ஊசி போட்டால் இறங்கிவிடும், போடாவிட்டால் இதயம் நின்றுவிடும் என்கிற அளவு. ஒன்பது பத்துக்கு, முடிவுகளை அனுப்பும் ப்ரோக்ராம் தொங்கிப்போயிற்று. நின்றுவிடவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் நின்றுவிட்டது என்று தனி மணி அடிக்கவில்லை. ஆனால் எதையும் அனுப்பவில்லை. வரிசை அப்படியே நின்றது. தாமத மணி அடித்தது. முப்பது விநாடி கழித்து டிரைவருடைய பன்னிரண்டு வரி, அவருடைய பெயரில், 'பார்த்தேன்' என்று அழுத்தியது. பத்து நிமிஷத்தில் மறுபடி அடித்தது. மறுபடி அழுத்தியது.

டிரைவர் வேறெங்கும் போகவில்லை. அங்கேயேதான் இருந்தார். மற்ற கட்டங்களைப் பார்த்தார். அரை மணிக்கு ஒரு தடவை வராந்தாவில் நடந்தார். முதுகு வலி குறைந்திருந்தது. மதியம் முட்டையும் சோறும் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பாடத்தின் பிரிண்டை விரித்து வைத்துப் பென்சிலோடு படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன் என்று அவரே சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வார்டில் அந்தப் பெண், கை கால் மரத்துப்போகிறது என்றாள். நர்ஸ் இரண்டு தடவை கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ரிப்போர்ட் இல்லை. அந்தம்மாவை லேபுக்கு அனுப்பினாள். ஜன்னலில் இருந்தவன் ஸ்க்ரீனைப் பார்த்து, "அனுப்பியாச்சும்மா, ஒம்பது அஞ்சுக்கே போயிருச்சு" என்றான். அவள் திரும்பி வந்து, "அனுப்பிட்டாங்களாம் சிஸ்டர்" என்றாள். அனுப்பிவிட்டால் வந்துவிடும்தானே என்று காத்திருந்தார்கள். ஒன்றரை மணிக்கு, அந்தம்மா ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணின் இதயம் நின்றது.

இரண்டு ஐம்பதுக்கு, அடுத்த ஷிப்டுக்குச் சீக்கிரம் வந்த ஒருவன் வரிசையில் எண்ணூறு ரிப்போர்ட் நிற்பதைக் கண்டு கத்தினான். ஒரு நிமிஷத்தில் அந்த ப்ரோக்ராமை நிறுத்தித் திரும்ப ஓட விட்டார்கள். எல்லாம் சரசரவென்று போய்ச் சேர்ந்தது. செத்துப்போனவளின் ரிப்போர்ட்டும் டாக்டர் போனுக்கு வந்தது. அதில் லேப் ஏற்றிய நேரம் மட்டும்தான் இருக்கும், ஒன்பது ஐந்து. போய்ச் சேர்ந்த நேரம் எதிலும் இல்லை.

ஆஸ்பத்திரி விசாரித்தது. ஒன்பது ஐந்துக்கு வந்த ரிப்போர்ட்டை நாலரை மணி நேரம் பார்க்காமல் விட்டாள் என்று அந்த நர்ஸைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. வரவில்லை வரவில்லை என்று அழுதாளாம். பெயிண்டர் கையில் பெயிண்ட் காயாமல் தினமும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டான். ரிப்போர்ட் எப்போ வந்துச்சு?

அது எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, டிரைவர் வேலை பார்த்த அறையின் பதிவில் இருந்த முப்பத்து நான்கு வரிகள். ஒன்பது பத்திலிருந்து இரண்டு நாற்பது வரை, பத்து நிமிஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் டிரைவர் பெயர். ஒவ்வொன்றிலும் 'பார்த்தேன்'.

ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்பெனியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. மேனேஜர் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ப்ரோக்ராமை எல்லா மெஷினிலிருந்தும் எடுக்கச் சொல்லிவிட்டு, "பதிவெல்லாம் ஏழு நாள்தான் இருக்கும். அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானா அழிஞ்சிரும். நாமளா எதையும் அழிக்க வேண்டாம். சும்மா இருந்தா போதும்" என்றாராம். அந்த நால்வரும், நாங்கள் அதை வாங்கவே இல்லையே என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் மாடியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. பேச்சுச் சத்தம்தான் கேட்டது. என் கடைக்குப் பின்னால் மாடிப்படி. ஒட்டுக் கேட்டேன் என்று சொன்னால் கேவலம், ஆனால் கேட்டேன்.

"அந்த நர்ஸுப் புள்ளை ரெண்டு தடவை கம்ப்யூட்டரைப் பார்த்துச்சுல்ல. நீதான் கூட இருந்த. போய்ச் சொல்லேன்."

"சொன்னா, அப்ப ரிப்போர்ட்டு ஏன் வரலைம்பாங்க. அதுக்கு நான் யாரைக் காட்டணும்?"

"என்னைக் காட்டு."

"ஆமா, காட்டறேன். போலீஸ்ல கூட்டிட்டுப் போயிருவாங்க. அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடங்கன்னு அங்க எவன் விடுவான்? மறுபடியும் படுத்தீங்கன்னா எந்திரிக்க மாட்டீங்க."

"அவ செத்துட்டாடி."

"தெரியும். நான்தான் துணி மாத்திவிட்டேன்." பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அனுப்பிட்டாங்கன்னு நான்தான் வந்து சொன்னேன். அனுப்பினா வந்துடும்னு நினைச்சேன்" என்று பிறகு சொன்னாள்.

ஒரு தடவை அந்த லேமினேஷனைக் கிழிக்கப் பார்த்திருக்கிறார். கனமான கவர், கிழியவில்லை. கத்திரிக்கோலால் வெட்டியதில் ஓரம் அவர் விரலைக் கீறிவிட்டது. பிளாஸ்திரி கேட்டு அந்தம்மா கடைக்கு வந்தபோது அதைச் சொன்னாள்.

ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்கு எனக்கு ஒரு மெயில் வந்தது, அந்த முப்பத்து நான்கு வரிகளோடு. வேலை இடத்திலிருந்தே அனுப்பியிருந்தார். அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், படம் எடுக்க முடியாது. 'அண்ணே, இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். மூன்றரை மணிக்கு வருகிறேன். ஒன்று பெயிண்டருக்கு, ஒன்று அந்த நர்ஸுக்கு. இங்கே அனுப்பிய தடத்தை அழித்துவிடுகிறேன், உங்களிடம் மட்டும்தான் இருக்கும்' என்று எழுதியிருந்தது. பிரிண்ட் எடுத்தேன். ஈரக் காற்றில் தாள் சுருண்டது. நீவிவிட்டு, க்ளிப் போட்டு, மேஜைக்குள் வைத்தேன். சரியான காரியம் செய்கிறார், நெஞ்சுரம் உள்ள மனுஷன் என்றுதான் நினைத்தேன். அதில் பொய் இல்லை.

இரண்டு மணிக்கு அந்தம்மா வந்தாள். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை.

"அண்ணே, அவர் ஏதாவது அனுப்பினாரா?"

என் கண் மேஜை டிராயர் பக்கம் போயிற்று. அதுவே பதிலாகிவிட்டது. அவளும் டிராயரைப் பார்த்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு வராது. ஆனால் புருஷன் பெயர் தெரியும். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து அந்தப் பெயரைத் தொட்டுக்கொண்டே கீழே வந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் இரண்டு பிரதிகளையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர்ல இருக்கறதை அழிச்சிடுங்க."

"தங்கச்சி, அந்த நர்ஸ் பொண்ணு..."

"அவளுக்கு இருபத்துநாலு. வேற ஊருக்குப் போவா, வேற வேலை தேடிக்குவா. அப்படிச் சொல்றது பாவம்னு எனக்குத் தெரியாதாண்ணே? தெரிஞ்சுதான் கேக்கறேன். எனக்கு இருக்கறது இந்த ஒரு ஆளு. எட்டு மாசம் மலம் எடுத்து எழுப்பி நிறுத்தியிருக்கேன். ஊருக்கெல்லாம் துடைக்கிற கைதானேன்னு அதையும் செஞ்சேன். திரும்ப என்னால முடியாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நான் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அழித்தேன்.

"குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்குமாமே, அதுலயும் போய்க் கிடக்குமாம். அவர்தான் சொல்லிக் குடுத்திருக்காரு."

அதையும் திறந்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். அவ்வளவு சின்ன வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தர் கொடுத்த தாளை இன்னொருத்தரிடம் நான் கொடுத்ததில்லை.

மூன்றரைக்கு டிரைவர் வந்தார். சட்டை முதுகெல்லாம் வேர்வை. முகம் மட்டும் தெளிவாக இருந்தது, முடிவெடுத்துவிட்டவன் முகம்.

"எடுத்துட்டீங்களாண்ணே?"

"எதை?"

"மெயில் அனுப்பினேனே, பதினோரு மணிக்கு."

"வரலையே டிரைவர்."

எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். குனிந்தபடியே இருந்தார்.

"போயிருச்சுன்னு காட்டுச்சுண்ணே."

"இங்க வரலை."

நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, தெருவைப் பார்த்தார். "போச்சுன்னு காட்டினா போய்ச் சேர்ந்துச்சுன்னு அர்த்தமில்லைல்ல. நான்தான் மறந்துட்டேன்" என்றார். என் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு எது நடந்ததோ அதுவே தனக்கும் நடந்திருக்கிறது, அது தனக்கு வேண்டியதுதான் என்பதைப் போல ஒரு தடவை தலையை ஆட்டினார்.

பிறகு ஓடினார். அந்த முதுகை வைத்துக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். ஆட்டோ பிடித்து ஆபீசுக்குப் போயிருக்கிறார். ஷிப்ட் முடிந்துவிட்டால் அடையாள கார்டைக் காட்டினாலும் கதவு திறக்காது. காவலாளியிடம் கெஞ்சியிருக்கிறார். மேனேஜர் போனை எடுக்கவில்லை. ஆறு மணி வரை கதவுக்கு வெளியே நின்றுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வாயால் சொன்னார். எழுதிக்கொண்டவர் கம்பெனியைக் கேட்டார். அப்படி எந்தப் பதிவும் இல்லை, முதுகு வலி மாத்திரை அதிகம் சாப்பிடுகிறார், மனக்கஷ்டத்தில் இருக்கிறார் என்று மேனேஜர் பதில் எழுதினார். பெயிண்டரிடமும் போனார். பெயிண்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எழுத்துல இருக்காண்ணே?" என்றான். இல்லை என்றார். "அப்ப எதுக்கு வந்து எங்கிட்ட சொல்றீங்க?" என்று அவன் ஏணியில் ஏறிவிட்டான். நர்ஸை வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள். டிரைவரைக் கம்பெனி வேலையை விட்டு நீக்கவில்லை. வெளியே விட்டால் பேசிக்கொண்டிருப்பார் என்று உள்ளேயே வைத்துக்கொண்டது. தினமும் போகிறார். எட்டு மணி நேரமும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. எல்லா மணிக்கும் கையாலேயே அழுத்துகிறார், பார்த்துவிட்டு. வீட்டுக்கு வந்ததும் பாயில் விழுகிறார். அந்தம்மா எதற்குப் பயந்தாளோ அது மெல்ல மெல்ல நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு வாரம் போனதும் என் மெயிலில் ஒன்று வந்தது. 'வந்ததா?' என்ற ஒரு சொல் மட்டும். சாயங்காலம் டிரைவர் படியிறங்கி வந்தார்.

"உங்க மெயிலுக்கு வர்ற வழியில எங்கயோ கோளாறு இருக்குண்ணே. எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். தினம் ஒண்ணு அனுப்பற மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதியிருக்கேன். வந்தா, வந்ததுன்னு பதில் போடுங்க. வராத அன்னைக்குத் தெரிஞ்சிரும்."

சரி என்றேன்.

தினமும் காலை பதினொரு மணிக்கு வரும். 'வந்ததா?' நான் 'வந்தது' என்று பதில் போடுவேன். ஒருநாள்கூடத் தவறவில்லை. கரண்ட் போன அன்றும், மழையில் தெரு முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற அன்றும் வந்து சேர்ந்தது. பதில் போடாமல் விட்டுவிடலாமா, ஒருநாளாவது வரவில்லை என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்று நினைத்ததுண்டு. அதைச் செய்யவும் எனக்குத் துணிவு வரவில்லை. அந்தம்மா கடையைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை.

ஒருநாள் மெயில் வரவில்லை. பன்னிரண்டு மணிவரை காத்திருந்தேன். அன்று அவருக்கு விடுமுறை போலிருக்கிறது. படியில் ஒரு கால், பிறகு இன்னொரு கால் என்று இறங்கி வரும் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"இன்னைக்கு வரலை டிரைவர்" என்றேன். வாயில் வார்த்தை வந்தபோது, அவசரப்பட்டுச் சொல்கிறோமோ என்று இருந்தது.

"அனுப்பலைண்ணே. நேத்தோட நிறுத்திட்டேன். இப்ப வேற ஒண்ணு அனுப்பியிருக்கேன் பாருங்க. ஒரு பிரதி எடுங்க."

திறந்தேன். ஒரு பக்கம். வரிசையாகத் தேதி, மணி, அதற்குப் பக்கத்தில் என் பெயர், அதற்குப் பக்கத்தில் 'வந்தது'. மேலிருந்து கீழ்வரை அப்படியே. பிரிண்ட் கொடுத்தேன். மெஷின் ஒரு சிக்கலும் இல்லாமல் தாளை வெளியே தள்ளியது. எடுத்து அவரிடம் நீட்டினேன்.

தாளை வாங்கி, பழைய பழக்கத்தில் பென்சிலை எடுத்து, வரி வரியாகப் பார்த்தார். கடைசி வரிக்குக் கீழே எதுவும் எழுதவில்லை. பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தாளை என் மேஜைமேல் வைத்து, சுருண்ட ஓரத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்ணே" என்றார். "எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு வீட்டுல சொல்லிராதீங்க. அவ தாங்க மாட்டா."

படியேறிப் போனார். ஒரு கால், பிறகு இன்னொரு கால். மேலே பாயை உதறும் சத்தம் கேட்டது. நான் தாளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்து நான்கு வரிகள் இருந்தன.